நாற்பத்தேழாம் டோக்கன்

கண்ணுல தூசி எதுவும் விழலக்கா. ஜன்னலைச் சாத்த வேண்டாம், காத்து வரட்டும். கோவில்பட்டியில ஏறினதுல இருந்து நீங்களும் பாத்துக்கிட்டேதான் வர்றீங்க, கேக்கலாமா வேண்டாமான்னு. வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. கழுகுமலையில ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். அவ்வளவுதான்.

நீங்க மதுரை வரைக்குமா? நான் திருமங்கலத்துல இறங்கிருவேன்.

என் பேரு ஹேமலதா. கம்ப்யூட்டர் வேலை. ஆபீசுக்குப் போறதில்ல, வீட்ல இருந்தே செய்றேன். பொண்ணு பிறந்தப்புறம் சென்னை வேலையை விட்டுட்டு வந்து, சின்னச் சின்னக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் செஞ்சு குடுக்கிறேன். நல்லாவே செய்வேன். நானே சொல்லக் கூடாது, ஆனா நல்லாவே செய்வேன்.

கோவில்பட்டியில ஒரு கண் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். அங்க டோக்கன் கூப்பிடுற டி.வி. இருக்கு, அது நான் செஞ்சது. உள்ள டாக்டர் பட்டனை அமுக்கினா வெளிய ஹால்ல டி.வி.யில நம்பர் வரும். கூடவே ஒரு பொம்பளைக் குரல், "டோக்கன் எண் நாற்பத்தேழு, அறை எண் இரண்டு"ன்னு ரெண்டு தடவை சொல்லும். கண் ஆஸ்பத்திரியில அந்தக் குரல்தான் முக்கியம். போன உடனே கண்ணுல சொட்டு மருந்து விட்டுருவாங்கள்ல, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு எழுத்து எதுவும் தெரியாது, எல்லாம் மசமசன்னு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்கன்னுதான் நர்ஸ் சொல்லுவாங்க. கண்ணை மூடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு டி.வி. எதுக்கு? இது எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் அந்தக் குரலையே வச்சேன்.

டி.வி.க்குப் பின்னாடி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதுல ஒரு பிரவுசர் ஓடும். நீங்க போன்ல நெட் பாக்கத் திறப்பீங்கள்ல, அதேதான். மாசத்துக்கு ஒரு தடவை அதுக்கு அப்டேட் வரும். வரும்போதெல்லாம் என்னென்ன புதுசுன்னு ஒரு அறிவிப்பு போடுவாங்க. எங்க ஆளுங்களுக்கு அது புதுத் துணி வாங்கின மாதிரி. முந்தி நூறு வரி எழுதிச் செஞ்சதை இனிமே ரெண்டே வரியில செய்யலாம்னு இருக்கும். நான் காபியை வச்சுக்கிட்டு உக்காந்து, ஒவ்வொண்ணாத் திறந்து பாப்பேன். என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், தினத்தந்தி படிக்கிற மாதிரி படிக்கிறியேன்னு.

போன ஆடி மாசம் வந்த அப்டேட்ல ஒரு விசயம் இருந்துச்சு. திரையில ஒண்ணு போயி இன்னொண்ணு வர்றது சட்டுனு மாறாம, வழுக்கிக்கிட்டு வர்ற மாதிரி செய்யலாம். பழைய நம்பர் மெதுவா மேல போய்க் கரையும், புது நம்பர் கீழ இருந்து எழும்பி வரும். முன்னாடியெல்லாம் இதைச் செய்ய உயிர் போகும். இப்ப அப்படியே கைக்கு வந்துருச்சு. எனக்கு உடனே அந்த டோக்கன் டி.வி.தான் ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில யாரும் கேக்கல. நானாத்தான் செஞ்சேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகா இருந்துச்சு.

அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல அப்டேட் தானா ஏறாம நான்தான் ஒரு வருசமா நிறுத்தி வச்சிருந்தேன். ஓடுறதை ஏன் தொடணும்னு. இந்த அழகுக்காக, ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தே அதுக்குள்ள போயி, என் கையாலேயே புதுசை ஏத்தினேன்.

அந்த அறிவிப்புல மேல புதுசா வந்ததெல்லாம் இருக்கும். கீழ, கடைசியில, இனிமே என்னென்ன செல்லாதுன்னு இருக்கும். ஒரு வருசத்துக்கு உண்டானதை மொத்தமா ஏத்துறோமே, அந்தக் கடைசிப் பகுதிகளையெல்லாம் பாத்திருக்கணும். நான் பாக்கல.

இல்லக்கா. பாத்தேன். உங்ககிட்டப் போயி எதுக்குப் பொய் சொல்றேன்னு தெரியல. பழக்கமாயிருச்சு. பாத்தேன், படிச்சேன். இனிமே எந்தப் பக்கமும் தானாப் பேசக் கூடாது, யாராவது ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் தொட்டாத்தான் பேசலாம்னு போட்டிருந்துச்சு. விளம்பரமெல்லாம் திடீர்னு கத்துதுல்ல, அதை நிறுத்துறதுக்காக. நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. அதுக்கு முந்தி பல மாசமா நான் வேலை செய்யும்போதெல்லாம் ஓரத்துல ஒரு மஞ்சள் வரி வரும், இது சீக்கிரம் நின்னுரும்னு. நான் அதை மூடிட்டு வேலையைப் பாப்பேன்.

வீட்ல ஓட்டிப் பாத்தேன், குரல் வந்துச்சு. ஏன் வராது? நான் மவுசும் கையுமாத்தான உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரியில அந்த டி.வி.யை யாரு தொடுவா? காலையில கரண்டைப் போட்டா தானா ஓட ஆரம்பிக்கும். அப்படித்தான் நான் செஞ்சு குடுத்திருந்தேன். அங்க குரல் வராதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். நம்பர் வழுக்கிக்கிட்டு வர்றதை வீடியோ எடுத்து ராஜபாளையத்துல இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன், இதே மாதிரி உங்களுக்கும் செஞ்சு தரவான்னு.

திங்கக்கிழமை காலையில ஒன்பதுக்கு ஜெசிந்தா போன் பண்ணுச்சு. ஜெசிந்தா அங்க முன்னாடி உக்காந்து டோக்கன் குடுக்கிற பொண்ணு. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். நல்ல பொண்ணு.

"மேடம், நம்பர் சூப்பரா வருது. எல்லாரும் டி.வி.யையே பாக்கிறாங்க. ஆனா சத்தம் வரல மேடம்."

நான் அப்ப ராஜபாளையத்து டாக்டர்கூட இன்னொரு லைன்ல பேசிக்கிட்டு இருந்தேன். அவரை நிறுத்தி வச்சிட்டு இதை எடுத்தேன். "ஸ்பீக்கர் வயரைப் பாரும்மா, லூசா இருக்கும்"னு சொல்லி வச்சிட்டேன்.

அந்த நேரத்துல எனக்கு என்ன காரணம்னு தெரியாதுன்னுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெரியும்க்கா. சத்தம் வரலன்னு அது சொன்ன உடனே அந்த மஞ்சள் வரிதான் ஞாபகம் வந்துச்சு. மவுசை எடுத்து ஒரே ஒரு தடவை அமுக்குன்னு சொல்லியிருந்தாப் போதும், குரல் வந்திருக்கும். ஏன் சொல்லலன்னா, சொன்னா, ஏன் மேடம் முந்தியெல்லாம் அமுக்க வேண்டியதில்லையேன்னு கேக்கும். நான் மாத்தினதாலன்னு சொல்லணும். அந்த டாக்டர் வேற லைன்ல இருக்கார். வயர்னு சொல்லிட்டாப் பேச்சு முடிஞ்சுரும்.

பதினொண்ணே காலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கு. நான் மூணு மணிக்குத்தான் கேட்டேன். "மேடம், வயர் நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்து நானேதான் கத்திக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் பாருங்க மேடம்." தொண்டை கம்மிப் போயிருந்துச்சு. கேட்டதும் உள்ள போயி ஒரு சின்ன மாத்தம் செஞ்சேன். பத்து நிமிசம்கூட ஆகல. மறுநாள் காலையில குரல் வந்துருச்சு. சரியாப் போச்சுன்னு நினைச்சேன்.

அன்னைக்கு அங்க நாற்பத்தேழாம் டோக்கன் செல்லையான்னு ஒருத்தர். கழுகுமலைக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுறவர். காலையில எந்திரிச்சதுல இருந்து வலது கண்ணுல மின்னல் மாதிரி அடிச்சிருக்கு, ஓரத்துல திரை இழுத்துவிட்ட மாதிரி கருப்பா வந்திருக்கு. பிள்ளைகளை ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டு நேரா வந்திருக்கார், துணைக்கு ஆள் இல்லாம. சொட்டு மருந்து விட்டு உக்கார வச்சிருக்காங்க. அவரும் சொன்னபடி கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கார். ஜெசிந்தா கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. பதினொன்றரைக்கு மேல மேனேஜர் அதை உள்ள கூப்பிட்டு ஏதோ பழைய பைலைத் தேடச் சொல்லியிருக்கார். அந்த நேரத்துல நாற்பத்தேழு வந்திருக்கு. டி.வி.யில வழுக்கிக்கிட்டு அழகா வந்து, மூணு நிமிசம் நின்னுட்டுப் போயிருச்சு.

அவர் ரெண்டரை மணி வரைக்கும் உக்காந்திருக்கார். ஹால் காலியானதும்தான், என்னை இன்னும் கூப்பிடலையேன்னு எந்திரிச்சுக் கேட்டிருக்கார். அதுக்குள்ள டாக்டர் வேற ஊருக்கு ஆபரேசனுக்குப் போயிட்டார். நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. மறுநாள் பாத்துட்டு, விழித்திரை பிரிஞ்சிருக்கு, உடனே மதுரைக்குப் போங்கன்னு அனுப்பியிருக்காங்க. அங்க ஆபரேசன் பண்ணாங்க. ஆனா நாளைக்கு வாங்கன்னு அனுப்பின அந்த ராத்திரியிலேயே விழித்திரையோட நடுப்பகுதியும் பிரிஞ்சு போச்சாம். இப்ப அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், நிழலாட்டம் தெரியும், ஆள் முகம் தெரியாது.

ஒரு நாள் முந்தி வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாமான்னு மதுரை டாக்டர்கிட்டக் கேட்டிருக்காங்க. உறுதியாச் சொல்ல முடியாதுன்னுதான் சொல்லியிருக்கார். டாக்டரே உறுதியாச் சொல்லல. இதை நான் எத்தனை நாள் நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன் தெரியுமா.

சாத்தூர் வந்துருச்சா? சரி, சரி. நீங்க இறங்கப் போறதில்லையே?

ரெண்டு வாரம் கழிச்சு மேனேஜர் தனுஷ்கோடி சார் போன் பண்ணார். பேசண்டோட வீட்டம்மா வந்து ஹால்ல நின்னு சத்தம் போட்டாங்களாம். "உங்க சாப்ட்வேர்ல அன்னைக்கு ஏதும் பிரச்சினையா மேடம்? ஜெசிந்தா காலையிலேயே உங்களுக்குப் போன் பண்ணேன்னு சொல்லுது."

நான் மெயில் போட்டேன். அதை இப்பவும் மனப்பாடமாச் சொல்லுவேன். நாற்பத்தேழாம் எண் பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் திரையில் வந்தது, மூன்று நிமிடம் இருந்தது, பதிவு இணைத்துள்ளேன். காலையில் போன் வந்தது, ஸ்பீக்கர் வயரைச் சரிபார்க்கச் சொன்னேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லக்கா. எல்லாமே நடந்ததுதான். அனுப்புறதுக்கு முந்தி மூணு தடவை படிச்சுப் பாத்தேன், பொய் எதுவும் இல்லைல்லன்னு.

அந்த மாசக் கடைசியில ஜெசிந்தாவை நிறுத்திட்டாங்க. வயரைச் சரிபாக்காதது, சீட்ல இல்லாதது, போன் நோண்டினது. பதினொண்ணே காலுக்குப் போனை எடுத்திருக்குன்னு கேமராவுல இருந்துச்சாம். எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பத்தான் எடுத்திருக்கு. அந்த மெசேஜ் என் போன்லயும் இருக்கு. யாரும் என்கிட்டக் கேக்கல. நானும் காட்டல.

தை மாசம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாப் போனேன். திரும்பும்போது பொண்ணுக்குக் கடலைமிட்டாய் வாங்கலாம்னு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில ஏறினா, பில் போடுற இடத்துல ஜெசிந்தா உக்காந்திருக்கு.

"நல்லாருக்கீங்களா மேடம்? பாப்பா என்ன படிக்குது?"

அதுக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, மூணாவதுன்னு சொல்லிட்டுக் காசை எடுத்தேன். கடையில வேற ஆள் இல்ல. அது மிட்டாயைக் கவர்ல போட்டுக்கிட்டே, தலையை நிமித்தாம, "மறுநாள் அந்த வயரை யாரும் தொடல மேடம். சத்தம் தானா வந்துச்சு"ன்னுச்சு.

நான் அந்தக் கவரையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"அப்பவே புரிஞ்சிருச்சு. சொன்னா யாரு கேக்கப் போறா? போகட்டும். ஆனா அந்த வேன்காரரோட வீட்டம்மா போன மாசம் இங்க வந்துட்டாங்க. கடை நிறைய ஆள். நீ போன் பாத்துக்கிட்டு இருந்ததாலதான் என் வீட்டுக்காரருக்குக் கண்ணு போச்சுன்னு கத்தினாங்க. முதலாளி நல்லவர், ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ரெண்டு நாள் சோறு இறங்கல. வேலை எல்லாம் வேண்டாம் மேடம். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க."

சரிம்மான்னேன். பஸ்ல ஏறினதும் முடிவு பண்ணிட்டேன், மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும்னு. அது அவங்க வீட்டுக்குப் போகச் சொல்லுச்சு, நான் மேனேஜர்கிட்டப் போறேன். எது லேசோ அதைத்தான் முதல்ல செய்வோம்போல. ஆனா அது லேசுன்னு அப்ப நினைக்கல. வேலை போயிரும், மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் தெரிஞ்சுரும், பேர் கெட்டுரும்னு நடுக்கம். ரெண்டு நாள் உக்காந்து முழுசா எழுதினேன். நானே ஏத்தின அப்டேட், படிச்சிட்டு விட்டது, வயர்னு சொன்னது, எல்லாம். வாய்ஸ் மெசேஜையும் சேத்து அனுப்பினேன்.

தனுஷ்கோடி சார் அரை மணி நேரத்துல போன் பண்ணார். "மேடம், இதையெல்லாம் ஏன் எழுத்துல போடுறீங்க? அந்தப் பேசண்ட் பக்கம் யாரும் கேசெல்லாம் போடல. இனிமேப் போய் நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்த மெயிலை அழிச்சிடுறேன், நீங்களும் அழிச்சிடுங்க."

"ஜெசிந்தாவைத் திரும்ப எடுப்பீங்களா சார்?"

"அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சே. அது வேற நல்ல இடத்துல இருக்காம்ல. விடுங்க. அடுத்த வருசத்துக்கு அக்ரிமென்ட் அனுப்பியிருக்கேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

நான் பயந்த எதுவுமே நடக்கலக்கா. ஒண்ணுமே நடக்கல. போனை வச்சிட்டு, அந்த அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அன்னைக்கு சாயங்காலமே.

அப்புறம் ஒரு மாசம் போச்சு. கழுகுமலைக்குப் போகணும், போகணும்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன், ஒரு வேலை வந்துரும். வந்துரும்னா என்ன, நானா இழுத்துப் போட்டுக்கிறதுதான். இன்னைக்குக் காலையில பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லாமக் கிளம்பிட்டேன்.

வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ரெண்டு தெரு தள்ளி. அந்தம்மா பேரு சண்முகத்தாய். ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன்னு நினைச்சு முதல்ல உள்ளயே விடல. இல்லம்மா, அந்த டோக்கன் மிசினை நான்தான் செஞ்சேன்னு சொன்னதும் என்னமோ மாதிரி பாத்துட்டு, சேரை எடுத்துப் போட்டுட்டுப் போயி அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு கண்ணை வச்சுக்கிட்டு ஸ்கூல் வேன் ஓட்ட விடுவாங்களா? பக்கத்துல டயர் கடையில காத்துப் பிடிக்கிற வேலை பாக்குறார். கையெல்லாம் கருப்பு. கழுவிட்டு வந்து என் எதிர்ல தரையில உக்காந்தார்.

எப்படிச் சொல்றதுன்னு பஸ்ல வரும்போதெல்லாம் ஒத்திகை பாத்திருந்தேன். பிரவுசர், அப்டேட், புது விதின்னு ஆரம்பிச்சேன். ரெண்டு பேரும் மரியாதையாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க, ஒண்ணும் புரியல. பாதியில நிறுத்திட்டேன். "அண்ணே, நம்பர் கூப்பிடுற குரல் அன்னைக்கு வரல. அதை நான்தான் கெடுத்தேன். அந்தப் பொண்ணு காலையிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. எனக்குச் சரி பண்ணத் தெரியும். பண்ணாம, வயரைப் பாருன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அந்தப் பொண்ணு போன்ல விளையாடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னாங்களே?"ன்னாங்க சண்முகத்தாய்.

"எனக்குத்தான் மெசேஜ் அனுப்பிக்கிட்டு இருந்துச்சு."

போட்டுக் காட்டினேன். காலையில இருந்து நானேதான் கத்திக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு அந்தக் கம்மின குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள்ள கேட்டுச்சு. செல்லையா அண்ணன், "இந்தக் குரல் கேட்டேன். நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு"ன்னார்.

எனக்கு அவங்க அடிச்சிருந்தாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு. சண்முகத்தாய் என்னைத் திட்டல. என்னைப் பாக்கவே இல்ல. "அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுக் குடுங்க"ன்னாங்க.

போட்டுக் குடுத்தேன். ஜெசிந்தா எடுத்து, "சொல்லுங்க மேடம்"னுச்சு.

"மேடம் இல்லத்தா. நான் கழுகுமலை, வேன்காரர் வீட்டம்மா. அன்னைக்குக் கடையில வந்து உன்னைப் பேசினேன்ல. அத்தனை பேர் முன்னாடி பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். தப்பு என் பேர்லதான். மன்னிச்சுக்க தாயி. நாளைக்கு நான் அந்தக் கடைக்கு வர்றேன், உங்க முதலாளி இருக்கும்போதே வர்றேன்."

அந்தப் பக்கம் என்ன சொல்லுச்சுன்னு எனக்குக் கேக்கல. இந்தம்மா, "இல்ல, இல்ல, நான் வரத்தான் செய்வேன்"ன்னாங்க. அப்புறம், "இருக்கார், வேலைக்குப் போறார், நல்லாத்தான் சாப்பிடுறார்"ன்னாங்க. ஜெசிந்தா அண்ணனைப் பத்தித்தான் விசாரிச்சிருக்கு. பேசி முடிச்சு, போனை முந்தானையால துடைச்சு என் கையில குடுத்தாங்க. எல்லாம் சேத்து ரெண்டு நிமிசம் இருக்கும். நான் ஏழு மாசம் எடுத்துக்கிட்டேன்.

நான் இன்னும் மன்னிப்பே கேக்கலன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. கெடுத்தேன், சொன்னேன், பண்ணலன்னு நடந்ததையெல்லாம் சொன்னேனே தவிர, அந்த ஒரு வார்த்தை என் வாயில வரவே இல்ல. அதுக்கப்புறம் கேட்டேன்க்கா. ஆனா அவங்க ஜெசிந்தாகிட்ட மன்னிப்புக் கேட்டதைப் பாத்ததுக்கப்புறம் நான் கேட்டது எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. சண்முகத்தாய் காபி போடவான்னாங்க. வேண்டாம்னு எந்திரிச்சிட்டேன்.

செல்லையா அண்ணன் தெரு வரைக்கும் கூட வந்தார்.

"அந்தக் குரல் இப்ப ஒழுங்கா வருதாம்மா?"

"வருதுண்ணே."

"இப்ப அதை யாரு பாத்துக்கிறாங்க?"

கழுகுமலையில கோவில்பட்டி பஸ் ஏறினதுல இருந்து, இங்க உங்க பக்கத்துல வந்து உக்காந்து இந்நேரம் வரைக்கும், அதுக்கு வேற ஏதாவது சொல்லியிருக்கலாமான்னுதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். சொல்ல வேற எதுவும் இல்லக்கா.

"நான்தான்"னேன்.

அவர் கழுத்தைத் திருப்பி, நல்ல கண்ணு என் பக்கம் வர்ற மாதிரி நின்னு, என்னை ஒரு தடவை பாத்தார். அப்புறம் டயர் கடையைப் பாத்து நடந்தார்.